மூன்று மாடிக் கேக்குக்கு ஒரு கேட் பாஸ்

ஒரகடம்
10.6.1987

பம்பாய் மாநகரத்தில் பதினோராம் மாடியில், பெயரைப் பித்தளையில் வெட்டி மேசைமேல் வைத்துக்கொண்டு, அகில இந்தியாவிலும் நம் பம்ப் கம்பெனிக்கு உள்ள கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒற்றை விரலால் ஆட்டிவைக்கும் என் தங்கை மகன், மாண்புமிகு யேசுராஜ் அவர்களின் சமுகத்துக்கு, உன் தாய்மாமன் ஜெபதாஸ் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அத்தை ஜெபமணியும் கறவை மாடும் சுகம். அங்கே உன் சுகத்தையும் உன் புது மனைவி லூர்து மேரியின் சுகத்தையும் விசாரிப்பது முறை. லூர்து மேரியின் சுகத்தை மெய்யாகவே விசாரிக்கிறேன். உன் சுகத்தை முறைக்காக விசாரிக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் உன் அம்மா அன்னபுஷ்பத்தின் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் வந்தால் உன் டைப்பிஸ்ட் பிரித்துப் படிப்பாள். படித்தால் அந்தப் பெண்ணின் கண்ணிமை கருகிவிடும். அவள் உனக்கு டைப் அடித்ததைத் தவிர வேறு பாவம் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை.

உன் மெமோ வந்து சேர்ந்தது. ரிஜிஸ்தர் தபாலில், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும்படி வந்தது. தாய்மாமனுக்கு ரிஜிஸ்தர் தபால் அனுப்பிய முதல் மருமகன், ஆதாம் காலத்திலிருந்து கணக்கெடுத்தாலும் நீயாகத்தான் இருப்பாய். அதில் என்ன எழுதியிருக்கிறாய்? ஒரகடம் ஆலையின் கம்ப்யூட்டர் அறைக்குள் தண்ணீர் புகுந்தது எப்படி, அனுமதித்தது யார், பொறுப்பு யாருடையது, உடனே எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் கம்ப்யூட்டரைப் பம்பாய்க்கே கொண்டுபோய்விடுவதாகவும், அதில் வேலை செய்யும் பெண்களை உபரி ஆட்களாகக் கருதுவதாகவும், என்னைப் பழையபடி ஸ்டோர்ஸுக்கே அனுப்புவதாகவும் உத்தேசம். அடேய் யேசுராஜ், நீ பிறந்த வருஷம் என் மடியில் படுத்துக்கொண்டு நீ நனைத்த வேட்டிகளைப் பிழிந்திருந்தால் செம்பரம்பாக்கம் ஏரி இன்னொரு முறை நிரம்பியிருக்கும். வேட்டிக்குள் தண்ணீர் புகுந்தது எப்படி, அனுமதித்தது யார் என்று நான் ஒரு நாளாவது உன்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டேனா?

சரி, கேட்டுவிட்டாய். விளக்கம் தருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

முதலில், யாரை நிர்வாகம் செய்யக் கற்றுக்கொடுக்க வந்திருக்கிறாய் என்று உனக்குத் தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் இங்கே வந்திறங்கியபோது அதை யார் பொறுப்பில் விடுவது என்று பெரிய கூட்டம் போட்டார்கள். பட்டம் படித்தவர்கள் ஆளுக்கு ஒரு டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். ஜெனரல் மேனேஜர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்த ஆலையில், தன்னிடம் கொடுத்த பொருளை எவனுக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்துக்கொள்ளக்கூடிய ஆள் யார்?" என்றார். எல்லாருடைய விரலும் ஸ்டோர்ஸ் பக்கம் திரும்பியது. ஒரு போல்ட்டு வேண்டுமானால் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி வந்தவனுக்கும் நான் நட்டு மட்டும் கொடுத்து அனுப்பிய காலம் அது. அன்றிலிருந்து நான்தான் கம்ப்யூட்டர் இலாகாவுக்கு மேனேஜர். அந்த மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். பாங்கு மேனேஜருக்கு மட்டும் நோட்டு அச்சடிக்கத் தெரியுமா?

நான் போட்ட சட்டத்தைக் கேள். செருப்பு, பூட்ஸ் எதுவானாலும் வாசலில். ஜெனரல் மேனேஜரே காலுறையோடுதான் உள்ளே வருவார், அதுவும் ஓட்டைக் காலுறை. டிபன் பாக்ஸ் கூடாது. வெற்றிலை கூடாது. தலையில் பூ வைத்த பெண்கள் பூவை வாசலில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும், சாயங்காலம் போகும்போது எடுத்துச் சூடிக்கொள்ளலாம். உங்கள் வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது, கணக்கையெல்லாம் ரெண்டாவது பிரதி எடுத்து வேறு கட்டிடத்தில் வைக்க வேண்டும் என்று. வேறு கட்டிடம் என்றால் இங்கே கேன்டீனும் சைக்கிள் ஸ்டாண்டும்தான். கேன்டீனில் வைத்தால் சாம்பார் படும், சைக்கிள் ஸ்டாண்டில் வைத்தால் சைக்கிளே இருப்பதில்லை. அதனால் என் வீட்டு பீரோவிலேயே வைக்கிறேன். லூர்து மேரியும் இதைப் படிப்பாள் என்பதால் சொல்கிறேன்: கணக்கு எழுதும் டிஸ்க் என்பது தோசைக்கல்லை அடுக்கிவைத்த மாதிரி இருக்கும். மேலே கைப்பிடி வைத்த பெரிய பிளாஸ்டிக் மூடி, அடியில் தட்டு. திருகி மூடினால் எறும்பு என்ன, எறும்பின் நினைப்புகூட உள்ளே போகாது. ஒவ்வொரு மூடியையும் காடாத் துணி போட்டுத் தைத்து, அரக்கு உருக்கி முத்திரை குத்தி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் ரசகற்பூர உருண்டையோடு வைத்திருக்கிறோம். தையலும் அரக்கும் உன் அத்தை. அதிகாரம் நான். போன வருஷம் ஒரு டிஸ்க் பழுதாகி மெட்ராஸ் இன்ஜினியர் எடுத்துக்கொண்டு போனபோதுகூட மூடியை நான் கொடுத்தனுப்பவில்லை. டிஸ்க் உங்கள் சொத்து, மூடி ஸ்டோர்ஸ் சொத்து என்று சொல்லி அறையிலேயே வைத்துக்கொண்டேன். இப்படிப்பட்டவனுக்குத்தான் நீ மெமோ அனுப்பியிருக்கிறாய்.

இப்போது கேக்குக்கு வருவோம். உன் கல்யாணத்துக்குக் கேக் வேண்டும் என்று கேட்டது யார்? நானா? நம் ஊரில் கல்யாணத்துக்கு பிரியாணியும் பாயசமும் போட்டால் போதும், பாதிரியார் உட்பட எல்லாரும் ஏப்பம் விட்டுக்கொண்டே ஆசீர்வதிப்பார்கள். நீதான் பம்பாயிலிருந்து எழுதினாய். உலகத்திலுள்ள நம் கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் மேலதிகாரியான ஹென்றிக்சன் துரை கல்யாணத்துக்கு வருகிறார், மானம் போகக்கூடாது, மவுண்ட் ரோடு பேக்கரியிலிருந்து மூன்று மாடிக் கேக் வர வேண்டும் என்று. கத்திரி வெயிலில். கல்யாணத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் உன் அம்மா அம்பாசடர் காரில் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தாம்பரம் தாண்டும்போதே உச்சியில் நின்ற மாப்பிள்ளை பொம்மை முழங்கால்வரை கிரீமில் இறங்கிவிட்டதாம். படப்பையில் இடுப்பு. ஆலை வாசலுக்கு வரும்போது மாப்பிள்ளைக்குக் கழுத்து மட்டும்தான் மிச்சம், மணப்பெண் பொம்மை அவனைப் பார்த்து ஞானஸ்நானம் கொடுக்கிற மாதிரி சாய்ந்து நிற்கிறாள்.

உன் அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கே கேட்டு, செங்கல்பட்டு ரயில் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றது.

"அண்ணா, பையன் கேக்கு உருகிப் போவுதுண்ணா. உன் ஏசி ரூம்ல ஒரு ஓரமா வச்சுக்கோண்ணா. ஒரு ராத்திரிதான்."

"அங்க வெத்தல பாக்குகூட வுடறதில்ல அன்னம். சட்டம் போட்டதே நான்தான்."

"சட்டத்த நீதான போட்ட, நீயே ஒரு நாளு தூக்கி ஆணில மாட்டுண்ணா. ஒரே மருமவன்ணா உனக்கு."

இந்தச் சுற்றுவட்டாரத்தில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில்வரை, மனிதனுக்கு ஏசி கிடையாது, மாட்டுக்கு ஏசி கிடையாது, கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் உண்டு. ஒரே மருமகன் என்ற அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். பின்னாளில் ரிஜிஸ்தர் தபால் அனுப்பப்போகிற மருமகன் என்று தெரிந்திருந்தால் கேக்கைக் கொண்டுபோய் பாய்லரில் வைத்திருப்பேன்.

கேட்டில் வாட்ச்மேன் நாகப்பன். அவன் சம்சாரமே டிபன் கொண்டுவந்தாலும் கேட் பாஸ் போடாமல் உள்ளே விடமாட்டான். கேக்கைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தான். "சார், இது உள்ளயே இருந்துடுமா, திரும்பி வெளிய போவுமா?" என்றான். நாளைக்குத் திரும்பிப் போகும் என்றேன். ரிப்பேருக்கு வரும் மோட்டாருக்குப் போடுகிற மாதிரி, திரும்ப எடுத்துச் செல்லும் பொருள் என்று கேட் பாஸ் போட்டான். பொருள்: கேக். விவரம்: மாடி மூன்று, பொம்மை இரண்டு. நானே கையெழுத்துப் போட்டேன். கிறிஸ்தவ உலகத்தில் கேட் பாஸோடு கல்யாணம் கண்ட கேக் அது ஒன்றுதான்.

உள்ளே கொண்டுபோய், கம்ப்யூட்டருக்கும் சுவருக்கும் நடுவே மேசை போட்டு வைத்தோம். அடுத்த நிமிஷம் எறும்பு. எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. வல்லத்து எறும்பு, மாத்தூர் எறும்பு, இருங்காட்டுக்கோட்டை எறும்பு எல்லாம் மூன்று ஷிப்டாகப் பிரிந்து வேலைக்கு வந்துவிட்டன. ஓவர்டைம் கேட்காதது ஒன்றுதான் குறை. உன் கல்யாணக் கேக்கில் எறும்பு ஊர்வதைத் துரை பார்த்தால் உன் மானம் போகுமே என்று, நாலு கிண்ணம் வரவழைத்து, தண்ணீர் ஊற்றி, மேசையின் நாலு காலையும் அதில் நிறுத்தினேன். உலகம் தோன்றியதிலிருந்து பலகாரத்தை எறும்பிடமிருந்து காப்பாற்ற நம் ஜனம் செய்கிற காரியம். இதற்கு எந்தத் தலைமையகத்திலிருந்து நான் அனுமதி வாங்க வேண்டும்?

ரத்னா என்று ஒரு பெண், கீ போர்டில் கணக்கு அடிக்கிறவள், நீ பார்த்திருக்கிறாய். அவள் ஓடி வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"சார், தண்ணி வேணாம் சார். இந்தத் தரையே பலவ சார். அடியில ஃபுல்லா ஒயரு போவுது."

"கிண்ணத்துல இருக்கற தண்ணி கிண்ணத்துலதாம்மா இருக்கும். அது இன்னா, நடந்து போவுமா?"

"யாருனா ஒதச்சுட்டா?"

"இந்த ரூமுக்குள்ள ஒதைக்கற மாதிரி நடக்கறவன் எவனும் வர முடியாதும்மா. வாசல்ல நான் இருக்கேன்."

நான் சொன்னதில் ஒரு எழுத்து தப்பு உண்டா? ஒரு வெளியாள் வந்தானா? சாயங்காலம் ஷிப்டு முடிந்து உன் அத்தை ஒருத்தி மட்டும் வந்து, கிண்ணத்தில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். நான் பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இரவு முழுக்க ஒரு சொட்டு சிந்தவில்லை. எறும்புகள் கரையிலேயே நின்று ஏங்கித் திரும்பிப் போயின. சனிக்கிழமை காலை விடிந்தது. மாப்பிள்ளை வந்தார்.

ஆம், மாப்பிள்ளை. யாரையும் நம்பாமல் கேக்கை எடுத்துப்போக நீயே வந்தாய். கோட்டு, சூட்டு, பையில் ரோஜா. என் சட்டத்துக்கு மரியாதை கொடுத்து பூட்ஸை வாசலில் கழற்றினாய், அதுவரைக்கும் சரி. உள்ளே பட்டுக் காலுறை. என் பெண்கள் தினமும் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கும் தரை. கேக்கைப் பார்த்ததும் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு எட்டு வைத்தாய். ஒரு எட்டுதான் வைத்தாய். மிச்சத் தூரத்தைத் தரையே உன்னைக் கூட்டிக்கொண்டு போனது. ஐஸ் மேல் வழுக்கி விளையாடுகிறவர்கள்கூட அத்தனை அழகாகப் போகமாட்டார்கள். போய், வலது காலால், ஒரு கிண்ணத்தை, கால்பந்தாட்டக்காரன் கோலுக்கு அடிப்பது மாதிரி அடித்தாய். தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கியது. அடியிலே 'டொப்' என்றது. கம்ப்யூட்டர் ஒரு தும்மல் போட்டது, விளக்கெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடியது, ஏசி பெருமூச்சு விட்டு நின்றது. மூன்று தேசத்துக்குப் போக வேண்டிய பம்புகளின் கணக்கு, ஆலை ஜனத்தின் சம்பளக் கணக்கு, எல்லாம் சவமாய்ப் படுத்துவிட்டன.

அப்போது நீ என்ன சொன்னாய்? நினைவிருக்கிறதா, இல்லை அதற்கும் ஒரு மெமோ போடட்டுமா?

"மாமா, கோயிலுக்கு டைமாவுது. யாராண்டயும் சொல்லாதீங்க மாமா. நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, கேக்கையும் தூக்கிக்கொண்டு, ஈரக் காலுறையோடு பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஓடினாய்.

ஓடி எங்கே போனாய், கேட்டுக்குப் போனாய். நாகப்பன் கேட் பாஸை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சார், உள்ள வந்தது மூணு மாடி. வெளிய போறது ரெண்டு மாடி. ஒரு மாடியும் ரெண்டு பொம்மையும் ஷார்ட்டு சார்."

"நாகப்பா, எனக்கு இன்னிக்குக் கல்யாணம்பா."

"கல்யாணம் உங்களுக்கு சார். மெமோ எனக்கு."

நான் ஓடி வந்து பார்த்தால் மெய்யாகவே உச்சி மாடியைக் காணோம். கோயிலில் பாதிரியார் காத்திருக்கிறார், குன்றத்தூரிலிருந்து ரெண்டு பஸ்ஸில் வந்த பெண் வீட்டார் காத்திருக்கிறார்கள். சி.எஸ்.ஐ. பையன் ஆர்.சி. பெண்ணைக் கட்டினால் இப்படித்தான் நேரத்துக்கு வரமாட்டான் என்று உன் மாமியார் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே சொன்னாராம். மூன்றாம் மாடி ஆலையில் தேய்மானத்தில் போய்விட்டது என்று எழுதி, நானே கையெழுத்துப் போட்டு உன்னை விடுவித்தேன். ஸ்டோர்ஸ் வாழ்க்கையில் தேய்மானம் என்று நான் போட்ட முதல் பொய்க் கையெழுத்து அது. அந்த மாடியைத் தின்றவன் யார் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். ஜெனரல் மேனேஜர் மேலேயே எனக்குச் சந்தேகம். அவர் காலுறையில் கிரீம் மாதிரி ஒன்று பார்த்தேன்.

கோயிலில் நீ "சம்மதம்" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? தாய்மாமன் முன்வரிசையில் இல்லையே என்று உன் அம்மாவே மூக்கைச் சிந்தினாள். நான் என் சரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் அறைத் தரையில் குப்புறப் படுத்து, பலகையைத் தூக்கி, ஒயர்களைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தேன். ரத்னாவும் மற்றப் பெண்களும் கல்யாணத்துக்கென்று கட்டிவந்த புடவையோடு விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ரத்னா கேட்டாள், "சார், மிஷினு பூடுச்சுனா பம்பாய்க்கே எடுத்துட்டுப் போயிடுவாங்களா சார்?" அவள் ஊரில் சம்பளத்துக்கு வேலைக்குப் போன முதல் பெண் அவள். தம்பிகள் ரெண்டு பேர் அவள் சம்பளத்தில்தான் படிக்கிறார்கள். போகாதும்மா என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லை. அந்தக் கேள்விக்குத்தான் நீ ரிஜிஸ்தர் தபாலில் பதில் அனுப்பியிருக்கிறாய்.

பிறகு ஹென்றிக்சன் துரை வந்தார். விஷயம் காதில் விழுந்து, கழுத்தில் சம்பங்கி மாலையோடு நேரே பந்தியிலிருந்து. ஒட்டகச்சிவிங்கி மாதிரி குனிந்து, அவரே பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டார். "மழை" என்றேன். கத்திரி வெயிலில், மேகம் என்ற பேச்சே இல்லாத வானத்தின் கீழே நின்று, மழை என்று சொன்னேன். யாருக்காகச் சொன்னேன்? துரை என் முகத்தைப் பார்த்துவிட்டு, கணக்கின் ரெண்டாவது பிரதி எங்கே என்று கேட்டார். வாருங்கள் என்று காரில் ஏற்றி என் வீட்டுக்கே கூட்டிப்போனேன். உன் அத்தை அப்போதுதான் கல்யாணப் பலகாரம் எடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள். சமையல் கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பீரோவைத் திறந்தாள். பட்டுப்புடவை, அதற்குப் பக்கத்தில் வரிசையாய், தைத்து முத்திரை குத்திய பெட்டிகள். துரை குனிந்து அரக்கைத் தடவிப் பார்த்தார். பதினேழு தேசத்தில் ஆபீஸ் பார்த்திருக்கிறாராம், எவனும் சுற்றறிக்கையைப் படித்ததுகூட இல்லையாம், இப்படி அரக்கு முத்திரையோடு வைத்தவன் நான் ஒருவன்தானாம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார் பார், இன்னும் தோள்பட்டை வலிக்கிறது. உன் அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரிய மனிதர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று அடக்கினேன். துரை முன்னால் இருந்த ஒரு பெட்டியைத் தானே தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பம்பாயில் டைரக்டர்கள் எல்லாருக்கும் இதைக் காட்டப்போகிறேன், நிர்வாகம் என்றால் இது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்றப் பெட்டிகளை வைத்து, மெட்ராஸ் இன்ஜினியர் வந்து ரெண்டு சாமான் மாற்றி, மெஷினைப் பிழைக்க வைத்துவிட்டார். அந்த மாதச் சம்பளம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. இதையெல்லாம் நீ மெமோவில் எழுதினாயா? எழுதவில்லை. தண்ணீர் புகுந்தது எப்படி என்று மட்டும் எழுதினாய். துரை கேட்டிருப்பார், நீ மாமன் தலையை எடுத்து முன்னால் வைத்துவிட்டாய்.

ஆகவே இதுதான் என் முடிவு, கல்வெட்டில் வெட்டியதாக வைத்துக்கொள். உன் மெமோவுக்கு முழு விளக்கமும் எழுதி, கிண்ணத்தை உதைத்த கால் வலது கால், காலுறை பட்டு, நிறம் நீலம் என்பதுவரை சொல்லி, ஒரு நகல் ஹென்றிக்சன் துரைக்கும் அனுப்பப்போகிறேன். இனி நீ என் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. உன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் நான் வரமாட்டேன், தண்ணீர் இருக்கும் இடத்தில் உன்னோடு நிற்க எனக்குப் பயம். உன் மெமோவின் கடைசியில், வருகிற வெள்ளிக்கிழமை டைரக்டர்கள் எல்லார் முன்னிலையிலும் அந்தப் பெட்டியை நீயே உன் கையால் பிரித்து, உங்கள் கம்ப்யூட்டரில் மாட்டி, கணக்கு சரியாக வருகிறதா என்று காட்ட வேண்டும், வந்தால்தான் எங்கள் கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கும் என்று துரை உத்தரவிட்டதாக எழுதியிருக்கிறாய். பிரிடா, பிரி. நன்றாகப் பிரி. அரக்கை உடைத்து, துணியைக் கிழித்து, மூடியைத் திறந்து, அத்தனை டைரக்டர்கள் கண்ணுக்கும் முன்னால் தூக்கிக் காட்டு. உள்ளே இருப்பதைப் பார்த்து அவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஒரகடம் ஜெபதாஸ் யார் என்று அன்றைக்குப் பம்பாய்க்கே தெரியும்.

ஆபிரகாமுக்கும் சாராளுக்கும் கிடைத்த ஆசீர்வாதமெல்லாம் லூர்து மேரிக்கும், அவள் தயவால் கொஞ்சம் உனக்கும் கிடைக்கட்டும். குளிர் அறையில் உட்காரும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள், உனக்குச் சிறுவயதிலிருந்தே சளி.

இப்படிக்கு,
உன்னை இனி மருமகன் என்று சொல்லாத,
ஜெபதாஸ்
மேனேஜர், கம்ப்யூட்டர் இலாகா (இப்போதைக்கு)

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் எழுதி உறையில் போட்டு ஒட்டியாகிவிட்டது. உன் அம்மா ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். உனக்கு அனுப்பப்போகும் விளக்கத்தில் சேர்க்கலாம் என்று பீரோவைத் திறந்து பெட்டிகளை எண்ணினேன். ஒன்றைத் துரை கொண்டுபோய்விட்டார், ஆகவே ஒன்று குறைய வேண்டும். குறையவில்லை. எல்லாம் இருக்கிறது. ஸ்டோர்ஸில் சரக்கு குறைந்து நான் பார்த்திருக்கிறேன், அதற்கு ஆளைப் பிடித்து உதைக்கலாம். கூடினால் யாரை உதைப்பது? உன் அத்தையைக் கூப்பிட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வெள்ளிக்கெழம சாயந்தரம் நான் போனப்ப உச்சி மாடி சாஞ்சு வுழுவற மாதிரி நின்னுச்சுங்க. பையன் மொதக் கல்யாண நாளுக்கு எடுத்துவைக்கற மாடியாச்சேன்னு தனியா எடுத்துட்டேன். எறும்பு போவாத டப்பா அந்த ரூம்ல ஒண்ணு காலியா கெடந்துச்சு. அதுல வச்சு, வழக்கமா போற டிஸ்க்குன்னு நாகப்பனும் வுட்டுட்டான், வூட்டுக்கு எடுத்தாந்து, வழக்கம்போலத் துணி தெச்சு அரக்கு வச்சு பீரோல வச்சேன். அன்னிக்கு வெள்ளக்காரரு தூக்கும்போதே சொல்ல வந்தேன். நீங்கதான் வாய மூடுன்னீங்க."

யேசுராஜ், கண்ணு, தங்கமே, ஒட்டின உறையை நானே கிழித்துத்தான் இதை எழுதுகிறேன். மேலே இருப்பது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. துரைக்கு நகல் கிடையாது. தண்ணீர் மழையால் வந்தது, நானே பார்த்தேன். உன் அம்மா கூடையில் அச்சுமுறுக்குக்கு அடியில், அதே காடாத் துணி, அதே அரக்கு, அதே எடை, நிஜமான பெட்டி ஒன்று வருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் துரையின் அலமாரியில் அதை வைத்துவிட்டு, மற்றதை எடுத்து வந்துவிடு. முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் உனக்குக் காய்ச்சல் வரட்டும். ரத்னாவிடம் மெஷின் இங்கேயே இருக்கும் என்று இன்று மறுபடியும் சொல்லியிருக்கிறேன், என்னைப் பொய்யனாக்காதே. பிள்ளைக்கு ஞானஸ்நானத்துக்கு நான் முதல் ஆளாக வருவேன்.

எடுத்து வருகிற பெட்டியைத் தலைகீழாகப் பிடிக்காதே, வீட்டில் வைத்து மெதுவாகத் திற. கேக் ரம் ஊற்றினது, கெட்டிருக்காது. மேலே நீயும் லூர்து மேரியும் நின்றுகொண்டிருக்கிறீர்கள். உன் கழுத்துவரை இருந்த கிரீமையெல்லாம் துடைத்து உன்னை நேராக நிறுத்தித்தான் மூடினேன் என்று உன் அத்தை சொல்லச் சொன்னாள்.